வேலிக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு

கோலார் தங்கவயல் என்று சொன்னால் இங்கே டொராண்டோவில் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். 2018ல் ஒன்று, 2022ல் ஒன்று என்று இரண்டு பாகம் வந்த கன்னடப் படம். "ஓ, நீங்க அந்த ஊரா?" என்று கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். தொப்பையும் கண்ணாடியுமாக ஒரு கம்ப்யூட்டர் ஆசாமி நிற்பதைப் பார்த்ததும் ஏமாற்றம் முகத்தில் தெரியும்.

கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் தங்கத்தைப் பற்றிக் கேட்பார்கள். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது, சுமார் 120 வருஷத்தில் 800 டன் தங்கம் எடுத்தது, 2001 பிப்ரவரி 28ந் தேதி மூடியது என்று நானும் ஒப்பிப்பேன். எங்கள் தாத்தா சாம்பியன் ரீஃபில் வேலை பார்த்தவர். அதனால் இந்தக் கதையெல்லாம் எனக்கு மனப்பாடம்.

யானையைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை. ஆனால் இன்று ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பஸ் ஏறி பங்காரப்பேட்டை தாண்டி காமசமுத்திரம் பக்கம் போய்ப் பாருங்கள். தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம். தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேச்சை ஆரம்பித்தாலும் ஐந்து நிமிஷத்தில் யானையில் வந்து நிற்கும். எத்தனை வந்தது, யார் நிலத்தில் இறங்கியது, யார் வீட்டுச் சாவு என்று.

அந்த யானைகள் என்ன படித்தன, யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்பதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. 'படித்தன' என்பதைத் தெரிந்துதான் எழுதுகிறேன்.

போன யானை திரும்பி வந்த கதை

யானைக்கும் கோலாருக்கும் உள்ள உறவு பழையது. மேலைக் கங்கர்களின் முதல் தலைநகரம் கோலார்தான். அதற்குக் குவளாலபுரம் என்று பெயர். அவர்களுடைய அரச முத்திரையே யானை. 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட ஸ்ரீபுருஷன் என்ற கங்க மன்னன் யானைகளைப் பற்றி 'கஜசாஸ்திரம்' என்று ஒரு நூலே எழுதியதாகச் சொல்வார்கள். யானையைப் பிடிப்பது, பழக்குவது, படைக்கு அனுப்புவது எல்லாம் ராஜாங்கத்தின் பெரிய வேலையாக இருந்த காலம்.

பிறகு காடு சுருங்கியது. யானைகள் காவிரிக் காடுகள் பக்கமாகவும் மலைகளுக்கும் ஒதுங்கின. பக்கத்து சித்தூர் மாவட்டத்தில் சுமார் இருநூறு வருஷம் காட்டு யானையே கிடையாது. எங்கள் பாட்டியின் தலைமுறைக்கு யானை என்றால் கோயில் யானை, சர்க்கஸ் யானை. அவ்வளவுதான்.

1980களில்தான் ஓசூர், தர்மபுரிக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் கிழக்கே நடக்க ஆரம்பித்தது. வறட்சி ஒரு காரணம், காட்டுக்குள் ஆள் நடமாட்டமும் வெட்டும் பெருகியது இன்னொரு காரணம் என்பார்கள். குப்பம், பலமனேர் பக்கம் போய்ச் சேர்ந்தன. வந்தவை திரும்பவில்லை. 1990ல் ஆந்திர அரசு அங்கே கவுண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. அதன்பிறகு பன்னேர்கட்டா, தளி, ஓசூர் பக்கத்திலிருந்து மாலூர், பங்காரப்பேட்டை வழியாகக் குப்பம் வரைக்கும் போவதும் வருவதும் வழக்கமாகிவிட்டது.

வழியில் இருப்பது காடு இல்லை. சின்னச் சின்னக் குன்று, தைலமரத் தோப்பு, ஏரி. மீதியெல்லாம் கேழ்வரகு. ஐப்பசி தாண்டிக் கதிர் முற்றும்போது யானைகளும் வந்துவிடும்.

யானை ஏன் கேழ்வரகுக்கு வருகிறது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இருந்த ராமன் சுகுமார் 1980களிலேயே இதை ஆராய்ந்தார். காட்டுப் புல்லைவிட விளைந்த கேழ்வரகில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம் என்று கண்டார். நாள் முழுக்கக் காட்டில் மேய்ந்து பெறுவதை வயலில் சில மணி நேரத்தில் பெற்றுவிடலாம். குடும்பக் கூட்டத்திலுள்ள யானையைவிட ஆண் யானைதான் பல மடங்கு அதிகமாக வயலில் இறங்குகிறது என்பதும் அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. ஆபத்து அதிகம், லாபமும் அதிகம். ஆண் யானை அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்கிறது.

பூனை, எலி, புறா

இதை இங்கே நிறுத்திவிட்டு அமெரிக்காவுக்கு ஒரு நடை போய் வருவோம். யானையின் தலைக்குள் என்ன நடக்கிறது என்று புரிய அது தேவை.

1898ல் எட்வர்ட் தார்ண்டைக் என்பவர் பசித்த பூனையைக் கூண்டில் அடைத்து வெளியே மீன் வைத்தார். பூனை கண்டபடி பிறாண்டும், தற்செயலாகத் தாழ்ப்பாள் திறந்துகொள்ளும். அடுத்தடுத்த தடவை நேரம் குறைந்துகொண்டே வந்தது. பலன் தரும் செயல் நிலைக்கிறது என்பது அவர் சொன்ன விதி. நம் பாட்டிமார் சொல்வதுதான், ருசி கண்ட பூனை.

அடுத்து வந்தவர் ஸ்கின்னர். எலி ஒரு நெம்புகோலை அழுத்தினால் ஓர் உருண்டைத் தீனி விழும் பெட்டி செய்தார். தீனி உருண்டைகளை அவர் கையாலேயே உருட்ட வேண்டும். ஒரு சனிக்கிழமை பார்த்தால் திங்கட்கிழமைக்குள் எல்லாம் தீர்ந்துபோகும் போலிருந்தது. சரி, ஒவ்வொரு தடவையும் கொடுக்க வேண்டாம், நிமிஷத்துக்கு ஒரு தடவை கொடுப்போம் என்று மாற்றினார். எலி விட்டுவிடும் என்றுதானே நாம் நினைப்போம்? விடவில்லை. அழுத்திக்கொண்டே இருந்தது. சோம்பலில் பிறந்த பெரிய கண்டுபிடிப்பு!

1957ல் ஸ்கின்னரும் ஃபெர்ஸ்டரும் சேர்ந்து புறாக்களை வைத்து இதை ஒரு தடித்த புத்தகமாகவே எழுதினார்கள். எப்போது பரிசு கிடைக்கிறது என்கிற கணக்கைப் பொறுத்து நடத்தை மாறுகிறது. திருப்பூர் பீஸ் ரேட் மாதிரி இத்தனைக்கு இத்தனை என்றால் வேகமாக வேலை நடக்கும். மாதச் சம்பளம் மாதிரி நேரக் கணக்கு என்றால் பரிசு வரும் நேரம் நெருங்கும்போதுதான் சுறுசுறுப்பு வரும் (நம் ஆபீஸில் அப்ரைசல் மாதம் ஞாபகம் வருகிறதா?). எப்போது கிடைக்கும் என்றே சொல்ல முடியாத கணக்கு ஒன்று இருக்கிறது. பத்து தடவையில் கிடைக்கலாம், நூறிலும் கிடைக்கலாம். இதில் பழகிய புறா லேசில் விடாது. தீனியை அடியோடு நிறுத்திய பிறகும் ஆயிரக்கணக்கில் கொத்திக்கொண்டிருக்கும். லாட்டரிச் சீட்டும், நயாகரா கசினோவுக்கு வார இறுதியில் பஸ் ஏறுகிற நம் பெரியவர்களும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

தங்கவயலே அப்படிப் பிறந்ததுதான். 1880களின் தொடக்கத்தில் கம்பெனிகள் தோண்டித் தோண்டிப் பணத்தைக் கரைத்தன. பங்குதாரர்கள் மூடிவிடலாம் என்று இருந்த நேரத்தில்தான் மைசூர் சுரங்கத்தில் சாம்பியன் தாது சிக்கியது. அந்த ஒரு பரிசுக்குப் பிறகு நூறு வருஷத்துக்கு மேல் தோண்டினார்கள். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம்தான் கிடைத்தது என்றாலும் தோண்டினார்கள்.

இப்போது யானையை நினைத்துப் பாருங்கள். பத்து ராத்திரி வருகிறது. ஏழு ராத்திரி துரத்தப்படுகிறது. மூன்று ராத்திரி காவல்காரர் அசந்துவிடுகிறார், வயிறு நிறைகிறது. "பெரும்பாலும் துரத்திவிட்டோம்" என்று கிராமம் நினைக்கிறது. யானையின் கணக்கில் அது மூன்று வெற்றி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெற்றி. விடவே விடாத கணக்கு.

வெடியும் தகர டப்பாவும்

தண்டித்தால் திருந்தாதா என்று கேட்பீர்கள். தார்ண்டைக்கே முதலில் அப்படித்தான் நினைத்தார். 1930களின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்டார். பரிசு ஒரு செயலை வலுப்படுத்துகிற அளவுக்குத் தண்டனை அதை அழிப்பதில்லை என்றார். ஸ்கின்னர் 1938ல் வெளியிட்ட சோதனை ஒன்று: தீனி நின்றுபோன நெம்புகோலை எலி அழுத்தும்போது கையில் ஓர் அடி விழும். கொஞ்ச நேரம் அடங்கியது. அடி நின்றதும் மறுபடி அழுத்த ஆரம்பித்தது. கடைசியில் கூட்டிப் பார்த்தால் அடிபட்ட எலியும் அடிபடாத எலியும் அழுத்திய எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான்.

தண்டனை வேலையே செய்யாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. 1960களில் அஸ்ரின், ஹோல்ஸ் இருவரும் எப்போது வேலை செய்யும் என்று வகுத்துச் சொன்னார்கள். உடனே வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் தவறாமல் வர வேண்டும். முதல் தடவையே முழு பலத்தோடு வர வேண்டும். அதே பசியைத் தீர்க்க வேறு ஒரு வழியும் திறந்திருக்க வேண்டும். நீல் மில்லர் 1960ல் காட்டியது இன்னும் முக்கியம். தீனியை நோக்கி ஓடும் எலிக்கு முதலிலேயே பலமான மின் அதிர்ச்சி கொடுத்தால் நின்றுவிடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனால் அதே பலமான அதிர்ச்சியையும் தாங்கிக்கொண்டு ஓடுகிறது. வலிக்குப் பழக்கிவிட்டோம்!

நம் ஊர்க்காரர்கள் செய்தது என்ன? முதல் வருஷம் தகர டப்பா தட்டினார்கள். அடுத்து தீப்பந்தம். அடுத்து ஊசிப்பட்டாசு. அடுத்து லட்சுமி வெடி, அணுகுண்டு. பிறகு டிராக்டர் விளக்கு. படிப்படியாகத்தான் ஏற்றினார்கள். வேறு எப்படிச் செய்ய முடியும்? ஏழை விவசாயி கையில் இருப்பதை வைத்துத்தானே ஆரம்பிப்பார்? ஆனால் மில்லரின் எலிக்கு நடந்ததுதான் யானைக்கும் நடந்தது. இன்று வெடிச் சத்தத்துக்கு நாலு அடி நகர்ந்து நின்று தின்கிற யானைகள் இருக்கின்றன.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. வெடி போட்டதும் யானை அந்த நிமிஷத்துக்கு விலகுகிறது. பயம் தீர்ந்ததே போட்டவருக்குப் பரிசு. தொல்லை விலகுவதால் ஒரு பழக்கம் வலுப்படுவது என்பது இதுதான். அதனால் நாளையும் வெடிதான் வாங்குவார். யானையை நாம் பழக்குகிறோம் என்று நினைக்கும்போதே யானை நம்மைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

புதுக் கதையும் இல்லை இது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் தழல், தட்டை, குளிர் என்று கிளி ஓட்டும் கருவிகளோடு பரண்மேல் இருக்கிறார்கள். யானையும் வருகிறது. காமசமுத்திரம் பக்கத்தில் இன்றும் பரண்தான்.

மின்வேலி என்கிற பள்ளிக்கூடம்

சரி, சோலார் வேலி போடலாமே?

முறையான சோலார் வேலியில் மின்சாரம் தொடர்ந்து ஓடாது. சுமார் ஒரு நொடிக்கு ஒரு தடவை, கண் சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக ஒரு துடிப்பு வரும். வோல்டேஜ் ஆயிரக்கணக்கில் இருக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத அளவு ஆற்றல்தான். தும்பிக்கை நுனியில் பட்டால் சுளீரென்று இருக்கும், சாகாது. யானை ஒரு தடவை பட்டு, அடுத்த தடவை கம்பியைப் பார்த்தாலே விலக வேண்டும் என்பதுதான் திட்டம். உளவியலில் இதற்குத் தவிர்ப்புக் கற்றல் என்று பெயர்.

1953ல் ரிச்சர்ட் சாலமன், லைமன் வின் இருவரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை இந்த விஷயத்தில் பிரபலம். இரண்டு அறைப் பெட்டி, நடுவில் ஒரு தடுப்பு. விளக்கு வெளிச்சம் மாறினால் பத்து வினாடியில் தரையில் மின் அதிர்ச்சி. நாய் சில தடவை வலிபட்டது. பிறகு வெளிச்சம் மாறியதுமே தடுப்பைத் தாண்டிக் குதித்தது. அதன்பிறகு மின்சாரத்தை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் நாய்கள் நூற்றுக்கணக்கான தடவை குதித்துக்கொண்டே இருந்தன. குதிக்காமல் நின்று பார்த்தால்தானே மின்சாரம் இல்லை என்று தெரியும்? நிற்கவே இல்லை. (படிக்கும்போதே மனசு கஷ்டமாக இருக்கிறது. இன்று இப்படிச் சோதனை செய்ய விடமாட்டார்கள்.)

அப்படியானால் யானையும் ஒரு தடவை சுட்டதும் வாழ்நாளெல்லாம் வேலிப்பக்கம் வரக்கூடாதே? இங்கேதான் பெட்டிக்கும் வயலுக்கும் உள்ள வித்தியாசம். நாய்க்கு அந்தப் பக்கம் நின்று சோதித்துப் பார்க்க எந்தக் காரணமும் இல்லை. யானைக்கு இருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் கேழ்வரகு. அதனால் அது சோதிக்கிறது.

தந்தத்தில் மின்சாரம் பாயாது என்பதைச் சில யானைகள் தெரிந்துகொண்டன. தந்தத்தால் கம்பியைத் தூக்கி அறுக்கின்றன. கம்பியைத் தொடாமல் கம்பத்தை மட்டும் உதைத்துச் சாய்க்கின்றன. பக்கத்து மரத்தைத் தள்ளி வேலிமேல் போடுகின்றன. அகழி வெட்டினால் கரை மண்ணைக் காலால் சரித்து நிரப்பி நடக்கின்றன. இங்கே டொராண்டோவில் 2016ல் ரக்கூன் திறக்க முடியாத தாழ்ப்பாளோடு கோடிக்கணக்கில் செலவு செய்து பச்சைத் தொட்டி கொடுத்தார்களே, இரண்டு வருஷத்தில் ரக்கூன் அதைத் திறக்கும் வீடியோ செய்தியில் வந்தது. நாலரை டன் எடையும் நம்மைவிடப் பெரிய மூளையும் உள்ள மிருகம் சும்மா இருக்குமா?

அதோடு இந்த வித்தை ஒரு யானையோடு நிற்பதில்லை. நிஷாந்த் ஸ்ரீனிவாசையா, சுகுமார், அனிந்தியா சின்ஹா முதலானோர் 2019ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் புகைப்படம் வைத்து அடையாளம் கண்டு தொடர்ந்தார்கள். காட்டில் பெரும்பாலும் தனியாகத் திரியும் ஆண் யானைகள், விவசாய நிலங்கள் நிறைந்த பகுதிகளில் கூட்டமாகச் சேர்ந்து வாழ ஆரம்பித்திருக்கின்றன. குறிப்பாக இளவட்டங்கள். அனுபவப்பட்ட பெரிய யானை முன்னால் போகும்போது பின்னால் போகிற பையன்கள் சும்மாவா பார்த்துக்கொண்டு போவார்கள்?

சுரங்கத்திலும் வேலி இருந்தது

தண்டனை என்ன கற்றுக்கொடுக்கும் என்பதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வடாற்காட்டிலிருந்தும் சுற்றுப்பட்டுப் பகுதிகளிலிருந்தும் வந்த தலித் தமிழர்கள்தான் சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர். தாதுத் திருட்டைத் தடுக்க 1897ல் மைசூர் அரசு தனிச் சட்டம் போட்டது. காவல், உடல் சோதனை எல்லாம் இருந்தது. திருட்டு நின்றதா என்றால் நிற்கவில்லை. பிடிபடாமல் இருப்பது எப்படி என்ற கலைதான் வளர்ந்தது. தண்டனையிலிருந்து முதலில் கற்றுக்கொள்வது தவறு செய்யாமல் இருப்பதை அல்ல, அகப்படாமல் இருப்பதை. எலிக்கும் அதுதான், யானைக்கும் அதுதான்.

மனிதனை மிருகத்தோடு ஒப்பிடுகிறேன் என்று கோபப்படாதீர்கள். கம்பெனிக்காரர்கள்தான் அப்படி நடத்தப் பார்த்தார்கள். 1930ல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிய வேண்டும் என்று வந்தபோது எங்கள் தாத்தாமார் வேலைநிறுத்தம் செய்தார்கள். எங்களை நம்பாத இந்த வேலியை யார் போட்டது, ஏன் போட்டது என்று சேர்ந்து நின்று கேட்டார்கள். மனிதனால் அது முடியும். யானையால் வேலியைச் சோதிக்க முடியும், வேலி போட்டவனிடம் பேச முடியாது. பேசித் தீர்க்கும் வேலை முழுக்க நம் தலையில்தான்.

ஒரு போன்

எங்கள் பாட்டி வழியில் காமசமுத்திரம் பக்கம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. மாமா பையன் பயிர் வைக்கிறான். இரண்டு வருஷம் முன்பு ஒரு நாள் போன்.

"அண்ணா, ரெண்டு நாளா இறங்குது. மோட்டார் லைன்லேர்ந்து ஒரு கம்பி இழுத்துடலாமா? ராத்திரி மட்டும்தான். பக்கத்துல செய்யறாங்க."

"வேண்டவே வேண்டாம்டா. ஆள் செத்துடும்."

"அப்ப நீங்க வந்து பரண்ல படுங்கண்ணா."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஜனவரி மாதம், வெளியே மைனஸ் பதினைந்து, நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து நியாயம் பேசுகிறேன். அவன் குடும்பத்தின் ஒரு வருஷக் கேழ்வரகு அது.

ஆனாலும் வேண்டாம் என்றுதான் திரும்பச் சொன்னேன். நேர் லைனில் இழுக்கும் கம்பி வேலி இல்லை, கொலைப் பொறி. சோலார் வேலி போல விட்டு விட்டு வராது, பிடித்தால் விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் இப்படி வைத்த கம்பியில் மூன்று பெண் யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. இரண்டு குட்டிகள் மட்டும் பிழைத்து, விழுந்து கிடந்த தாய்களைச் சுற்றிச் சுற்றி வந்தன. அதே மாதிரிக் கம்பியில் ராத்திரி தண்ணீர் பாய்ச்சப் போன எத்தனையோ விவசாயிகளும் செத்திருக்கிறார்கள். பாடத்துக்காகக்கூட அது உதவாது. செத்த யானை எதையும் கற்றுக்கொள்ளாது. அடுத்த யானைக்குச் சொல்லவும் வராது.

எது வேலை செய்கிறது?

கும்கிகள் வருகின்றன. 2025 மே மாதம் கர்நாடகம் தன் முகாம் யானைகள் சிலவற்றை ஆந்திராவுக்குக் கொடுத்தது, பலமனேர் பக்கம் யானைகளைத் துரத்தத்தான். தமிழ்நாட்டில் 2013ல் திருவண்ணாமலைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஆறு யானைகளைப் பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அவசரத்துக்கு இது உதவும். ஆனால் காலியான இடத்துக்கு வேறொரு யானை வரும். கேழ்வரகு அங்கேயேதான் இருக்கிறது.

எனக்குப் பிடித்த உதாரணம் வால்பாறை. அங்கே நடந்த சாவுகளில் பெரும்பாலானவை, யானை பக்கத்தில் இருப்பது தெரியாமல் ஆள் எதிரே போய் நின்றதால் நடந்தவை என்று கண்டார்கள். இயற்கைப் பாதுகாப்பு அமைப்பைச் சேர்ந்த ஆனந்தகுமார் குழுவினர் வனத்துறையோடு சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். யானை நிற்கும் இடம் செல்போனில் குறுஞ்செய்தியாக வரும். முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் அந்த வழியில் போகாதே. சாலமனின் சோதனையில் வந்த அதே விளக்குதான்! ஆனால் இங்கே தவிர்க்கக் கற்றுக்கொண்டது மனிதன். யாருக்கும் மின்சாரம் வைக்காமலே. சாவு வெகுவாகக் குறைந்தது. இந்த வேலைக்காக 2015ல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது.

வயலுக்கு வேலிதான் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலி என்பது கம்பி இல்லை, ஒழுங்கு. முன்னூற்று அறுபத்தைந்து ராத்திரியும் சுளீரென்று இருந்தால் அது பாடம். முன்னூறு ராத்திரி இருந்து மீதி ராத்திரி பாட்டரி செத்துக் கிடந்தால் அது லாட்டரி. யானைக்குச் சோதித்துப் பார்க்கக் காரணம் கொடுப்பதே அந்த ஒரு ராத்திரிதான். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற, சாய்ந்த கம்பத்தை நிமிர்த்த, கம்பியில் படரும் செடியை வெட்ட ஓர் ஆள் வேண்டும். அவருக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும். பல ஊர்களில் வேலி போடப் பணம் வருகிறது, பார்த்துக்கொள்ள வருவதில்லை.

இங்கேதான் நம் கதைக்கு வருகிறேன். ஊரைச் சுற்றி ஒரே வேலியாகப் போடும்போது நடுவில் யாரோ ஒருவருடைய நிலம் தரிசாகக் கிடக்கும். சொந்தக்காரர் மெல்பர்னிலோ நியூஜெர்சியிலோ இருப்பார். விலை ஏறட்டும் என்று விட்டு வைத்திருப்பார். அந்த நிலத்தில் உன்னிச்செடி ஆளுயரம் வளர்ந்து கம்பியில் படியும். படிந்த இடத்தில் மின்சாரம் தரைக்கு இறங்கிவிடும். அந்த ஒரு நிலத்தோடு போகாது, மொத்த வேலியும் பலமிழக்கும். யானை நுழைவது அங்கே. தின்பது பக்கத்து நிலத்தில். பக்கத்து நிலத்துக்காரர் நேர் லைனில் கம்பி இழுப்பது அதற்கு அப்புறம்தான்.

மாமா பையனும் ஊரில் சிலருமாகச் சேர்ந்து போன வருஷம் இப்படி ஓர் ஆளை வைத்தார்கள். வெளியூரில் இருக்கும் நாங்கள் ஐந்து குடும்பம் சேர்ந்து சம்பளம் கொடுக்கிறோம். ஆளுக்கு மாதம் நம்ம ஊர் டிம் ஹார்ட்டன்ஸில் நாலைந்து காபிக் காசு. யானை வராமல் இல்லை. வருகிறது, நிற்கிறது, கம்பியைப் பார்க்கிறது, சில நாள் ஒரு கம்பத்தையும் சாய்க்கிறது. விடிந்ததும் அவர் போய் நிமிர்த்திவிடுகிறார். மறுநாள் மறுபடி சுளீர்.

கிருஷ்ணகிரி, ஓசூர், குப்பம், கூடலூர், கோவைப் பக்கம் நிலம் உள்ளவர்கள் அடுத்த தடவை ஊருக்குப் பேசும்போது, மழை எப்படி, விலை எப்படி என்று கேட்பதோடு வேலிப்பக்கம் யார் செடி வெட்டுகிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் வேறு ஏதாவது ஏற்பாடு செய்து பலன் கிடைத்திருந்தால் எழுதுங்கள். தை பிறந்தால் கதிர் அறுத்துவிடுவார்கள். அதற்குள் தெரிந்தால் நல்லது.